வெல்டிங் மெஷினில் ‘எர்த்’ என்பது எர்த் இல்லை: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஆர்க் வெல்டிங்

சின்ன வெல்டிங் மெஷின் இப்போது ஒரு கைப்பெட்டி அளவுக்கு வந்துவிட்டது. தோளில் மாட்டிக்கொண்டு போகலாம், வீட்டுப் பிளக்கில் செருகலாம். அதனால் வாங்குகிறவர்களும் கூடிவிட்டார்கள். ஆனால் அதைப் பற்றிக் காதில் விழும் பேச்சில் நிறையத் தப்பு இருக்கிறது. “வெளியே வருவது குறைந்த வோல்ட்தான், ஷாக் அடிக்காது.” “எர்த் கிளாம்பை எங்கே மாட்டினாலும் சரிதான்.” “சின்னதாக ஒரு டாக் வைக்கக் கண்ணை மூடிக்கொண்டால் போதும்.” (டாக் என்பது துண்டுகள் நகராமல் இருக்க வைக்கும் சின்னப் புள்ளி வெல்டு.) இந்த மூன்றையும் நானும் ஒரு காலத்தில் நம்பினேன். மூன்றாவதை நம்பியதற்கு ஒரு ராத்திரி முழுக்கத் தூக்கத்தைக் கொடுத்தேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

மின்சாரம் எந்த வழியாகப் போகிறது, எந்த வழியாகத் திரும்புகிறது, போகிற இடத்தில் என்ன செய்கிறது என்ற படம் மனதில் இல்லாததால்தான் இந்தத் தப்புகள் வருகின்றன. அந்தப் படம் வந்துவிட்டால் கிளாம்பை எங்கே போடுவது, எதைத் தொடக்கூடாது என்பதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, நாமே யோசித்துக் கண்டுபிடித்துவிடலாம்.

பிளக்கைப் பிடுங்கும்போது வரும் பொறி

ஓடிக்கொண்டிருக்கும் அயர்ன்பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கினால் சாக்கெட்டுக்குள் நீலமாக ஒரு பொறி தெரியும். ஓடிக்கொண்டிருந்த மின்சாரம், உலோகம் விலகிய பிறகும் ஒரு கணம் காற்றைத் தாண்டிக் குதித்துப் போகிறது. அந்தப் பொறியை அணையவிடாமல் தொடர்ந்து ஓட வைத்தால் அதுதான் ஆர்க்.

காற்று சாதாரணமாக மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் மிகக் கடுமையாகச் சூடாகும்போது அதன் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்துவிடும். அப்படிப் பிரிந்த வாயுவுக்கு பிளாஸ்மா என்று பெயர். பிளாஸ்மா மின்சாரத்தைக் கடத்தும். மின்னல் வானத்தில் கிழிக்கும் கோடும் இதே சங்கதிதான், கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது என்பது மட்டும்தான் வேறுபாடு.

ஆர்க்கின் வெப்பம் 5000 டிகிரி செல்சியஸுக்கும் மேலே. இரும்பு உருகுவதற்குச் சுமார் 1500 டிகிரி போதும். அதனால் ஆர்க் பட்ட இடத்தில் வேலைத்துண்டும், அதாவது நாம் வெல்டு செய்யும் இரும்பும் உருகும், அதற்கு எதிரே இருக்கும் ராடின், அதாவது கையில் பிடிக்கும் வெல்டிங் குச்சியின் நுனியும் உருகும். இரண்டும் கலந்து ஒரு சின்னக் குட்டையாக நிற்கும். ராடு நகர நகர, பின்னால் விட்டுப்போன குட்டை உறைந்து இரண்டு இரும்பையும் ஒன்றாக்கிவிடும். ஒட்டுவதற்கும் வெல்டிங்குக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஒட்டும்போது நடுவில் பசை என்று வேறொரு பொருள் இருக்கும். வெல்டிங்கில் இரண்டு துண்டும் உருகிக் கலந்து ஒரே துண்டாகின்றன.

தொட்டியும் குழாயும்

மேலே ஒரு தண்ணீர்த் தொட்டி, கீழே ஒரு குழாய். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு அழுத்தம். அந்த அழுத்தம் மாதிரிதான் வோல்ட். குழாயில் எவ்வளவு தண்ணீர் பாய்கிறது என்பது ஆம்பியர் மாதிரி.

பல நாடுகளில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். உயரமான தொட்டி, ஒல்லியான குழாய். ஆனால் ஆர்க் கேட்பது இதற்கு நேர் எதிர்: தொட்டி தாழ்வாக இருக்கலாம், வெள்ளம்போல் பாய வேண்டும். வெல்டு நடக்கும்போது ஆர்க்கில் இருப்பது 20 முதல் 30 வோல்ட்தான், ஓடுவதோ 80, 100 ஆம்பியர். உயரமான தொட்டியை இறக்கி அகலமான குழாயாக மாற்றித் தருவதுதான் மெஷினின் வேலை. பழைய காலத்துப் பெரிய மெஷின்களில் இதைச் செய்தது இரும்பு மையத்தில் சுற்றிய கனமான காயில், அதாவது டிரான்ஸ்பார்மர். இன்றைய சின்ன மெஷின் இன்வெர்ட்டர் வகை. அது மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி அனுப்புகிறது. அந்த வேகத்தில் மிகச் சின்ன டிரான்ஸ்பார்மரே போதும் என்பதால் எடை குறைந்துவிட்டது.

டிரான்ஸ்பார்மர் பெரிதோ சின்னதோ, சுவரிலிருந்து உள்ளே வரும் கம்பிக்கும் ராடுக்குப் போகும் கம்பிக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. காந்தப்புலம் வழியாகத்தான் சக்தி தாண்டிப் போகிறது. இரண்டு பக்கமும் தனித்தனித் தீவுகள். இது பின்னால் தேவைப்படும், நினைவில் இருக்கட்டும்.

மெஷினில் பெரும்பாலும் ஒரே ஒரு திருகுதான் முக்கியம், அது ஆம்பியர். கை நடுங்கும், ராடு மேலே போகும், கீழே வரும். அதற்கெல்லாம் ஏற்ப வோல்ட் ஏறி இறங்கும், ஆனால் ஆம்பியரை மெஷின் ஏறக்குறைய அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். புதிதாகப் பழகுகிறவர்களின் கையும் ஓரளவு தாக்குப்பிடிப்பது இதனால்தான்.

இதுவரை பார்த்தது: காற்றையே கம்பியாக மாற்றி அதன் வழியாகக் குறைந்த வோல்ட்டில் நிறைய ஆம்பியர் ஓட வைக்கிறோம். அந்தச் சூட்டில் ராடும் வேலைத்துண்டும் உருகிக் கலக்கின்றன.

இரண்டு ‘எர்த்’களின் குழப்பம்

மெஷினிலிருந்து இரண்டு தடித்த கேபிள்கள் வெளியே வரும். ஒன்றின் நுனியில் ராடைப் பிடிக்கும் ஹோல்டர். இன்னொன்றின் நுனியில் வேலைத்துண்டைக் கவ்வும் கிளாம்ப். இந்தக் கிளாம்பை எல்லோரும் ‘எர்த்’ என்றே சொல்கிறார்கள். மெஷினின் பிளக்கில் மூன்றாவது முள் ஒன்று இருக்கிறது, அதையும் எர்த் என்கிறோம். பெயர் ஒன்று, வேலை முற்றிலும் வேறு.

பிளக்கில் இருக்கும் எர்த் பாதுகாப்புக் கம்பி. எல்லாம் சரியாக இருக்கும்போது அதில் மின்சாரமே ஓடாது. உள்ளே ஏதாவது கம்பி பிய்ந்து மெஷினின் உடம்பில் பட்டால், உங்கள் உடம்புக்குப் பதிலாக அந்த வழியாக மின்சாரம் ஓடி, எம்.சி.பி. (மின்சாரம் அளவுக்கு மீறினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துவிடும். அதற்குத்தான் அது.

கிளாம்ப் கேபிளோ எப்போதும் வேலை செய்யும் கம்பி. ராடு வழியாகப் போன 80 ஆம்பியரும் ஆர்க்கைத் தாண்டி, வேலைத்துண்டுக்குள் நுழைந்து, கிளாம்ப் வழியாக மெஷினுக்குத் திரும்பி வர வேண்டும். மின்சாரம் போய்விட்டு மறைகிற பொருள் இல்லை. வட்டமாகத்தான் ஓடும். அந்த வட்டத்தில் கிளாம்ப் சரிபாதி. அதனால் இதைத் ‘திரும்பும் கம்பி’ என்று மனதில் பெயர் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த ஒரு பெயர் மாற்றமே பாதிக் குழப்பத்தைத் தீர்த்தது.

கிளாம்பை எங்கோ ஒரு மூலையில் துருவின் மேலே மாட்டிவிட்டு வெல்டு செய்தால் என்ன ஆகும்? அந்த வழி சரியில்லை என்றால் மின்சாரம் வேறு வழி தேடும். கிளாம்ப் எர்த்தோடு சேர்ந்த வேறு ஏதோ இரும்பில் இருந்து, வேலைத்துண்டு ஒரு மோட்டார் இயந்திரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், அதன் பிளக்கில் இருக்கும் மெல்லிய பாதுகாப்புக் கம்பி வழியாகவே 80 ஆம்பியரும் திரும்பப் பார்க்கும். அந்தக் கம்பி அதற்கானது இல்லை. சூடாகி, உறை உருகி, சுவருக்குள்ளேயே கருகும். ஒரு சக்கரத்தின் ஒரு பக்கம் வெல்டு, மறுபக்கம் கிளாம்ப் என்றால் நடுவில் இருக்கும் பேரிங் குண்டுகள் வழியாக மின்சாரம் பாய்ந்து அவற்றில் சின்னச் சின்னக் குழிகள் விழும். பேரிங் அப்போது நன்றாகத்தான் சுற்றும், சில நாள் கழித்துச் சத்தம் போட ஆரம்பிக்கும். தண்ணீர்க் குழாய், கேஸ் குழாய், தூக்கும் சங்கிலி எதையும் திரும்பும் வழியாக்கக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான்.

ஆகவே கிளாம்ப் வெல்டு செய்யும் துண்டிலேயே, வெல்டு செய்யும் இடத்துக்கு அருகே, பெயிண்டும் துருவும் நீக்கி மினுமினுக்கும் இரும்பில் இருக்க வேண்டும். ஆர்க் விட்டு விட்டு எரிகிறது, ராடு சரியில்லை என்று புலம்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது கிளாம்பைத்தான். தொட்டுப் பார்த்தால் அது கொதிக்கும்.

பிளக்கிலிருந்து ஹோல்டர் வரை

முதலில் சுவர் பக்கம். மெஷினின் மேலே 200 ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் வீட்டு சாக்கெட் அவ்வளவுக்குத் தாங்குமா என்பது வேறு கேள்வி. 80 ஆம்பியரில் ஆர்க் சுமார் 23 வோல்ட்டில் எரியும், பெருக்கினால் ஏறக்குறைய 1850 வாட். மெஷினின் இழப்பையும் சேர்த்தால் 16 ஆம்பியர் சாக்கெட்டில் ஓட்டிவிடலாம். 160 ஆம்பியருக்குத் திருகினால் ஆர்க்குக்கே 4000 வாட்டைத் தாண்டும், அதற்குத் தனியாகத் தடித்த கம்பி இழுத்த இணைப்பு வேண்டும். எக்ஸ்டென்ஷன் போட்டே ஆக வேண்டும் என்றால் 2.5 சதுர மி.மீ.க்குக் குறையாத மூன்று கம்பி கேபிள் போடுங்கள், சுருளை முழுக்கப் பிரித்துவிடுங்கள். சுருட்டி வைத்த கேபிளில் சூடு வெளியேற வழியில்லாமல் உறை உருகும்.

மெஷினைச் சுற்றிக் காற்றுப் போக இடம் விடுங்கள். பக்கத்தில் கிரைண்டர் ஓட்டக் கூடாது. பறக்கும் இரும்புத் தூளை மெஷினின் ஃபேன் உள்ளே இழுத்துக்கொள்ளும், உள்ளே இருக்கும் சர்க்யூட்டில் அது படிந்தால் மெஷின் போய்விடும்.

கேபிள் முனைகளைச் செருகி, இறுகும்வரை திருகிப் பூட்டுங்கள். லூசாக இருந்தால் அந்த இடமே அடுப்பாகிவிடும். டி.சி. மெஷினில் + என்றும் − என்றும் இரண்டு துளைகள் இருக்கும். ஹோல்டர் எதில் என்பது ராடைப் பொறுத்தது, ராடு பாக்கெட்டில் அச்சிட்டிருப்பார்கள். அதை அப்படியே பின்பற்றினால் போதும்.

மெஷின் தகட்டில் டியூட்டி சைக்கிள் என்று ஒரு சதவீதம் இருக்கும். பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் விடாமல் வெல்டு செய்யலாம் என்ற கணக்கு அது. 160 ஆம்பியருக்கு 30% என்றால் மூன்று நிமிடம் வேலை, ஏழு நிமிடம் ஓய்வு. ஆம்பியரைக் குறைத்தால் இந்த நேரம் கூடும்.

ராடும் முதல் வரியும்

ராடின் உள்ளே இரும்புக் கம்பி, வெளியே சாம்பல் நிறப் பூச்சு. அந்தப் பூச்சுக்கு ஃபிளக்ஸ் என்று பெயர். உருகிய இரும்பு காற்றில் இருக்கும் ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சிக்கொண்டால் உள்ளே ஓட்டை ஓட்டையாக, நொறுங்கும்படி ஆகிவிடும். ஃபிளக்ஸ் எரியும்போது வரும் வாயு காற்றை ஒதுக்கித் தள்ளுகிறது. மிச்சம் உருகி மேலே மிதந்து, ஸ்லாக் என்ற ஓடாக மூடிக்கொள்கிறது. ஸ்வீடன்காரர் ஆஸ்கர் கெல்பெர்க் 1900-களின் தொடக்கத்தில் பூச்சு ராடைக் கொண்டுவந்தார். அதற்கு முன் வெறும் கம்பியால் செய்த வெல்டு நம்ப முடியாததாக இருந்தது என்பதை யோசித்தால், இந்தப் பூச்சு எவ்வளவு பெரிய விஷயம் என்பது புரியும். பூச்சு உதிர்ந்த ராடையும் ஈரம் ஏறிய ராடையும் ஒதுக்கிவிடுங்கள்.

தொடங்குவதற்கு 6013 என்று அச்சிட்ட, 2.5 மி.மீ. ராடு போதும். சுலபமாகப் பற்றும், ஏ.சி., டி.சி. இரண்டிலும் ஓடும். 70-லிருந்து 80 ஆம்பியர் வையுங்கள். பழகுவதற்கு 5 அல்லது 6 மி.மீ. தடிமன் இரும்புப் பட்டை நல்லது. எல்லோரும் மெல்லிய சதுர டியூபில் ஆரம்பித்து, ஓட்டை போட்டு, மனம் விட்டுவிடுகிறார்கள். மெல்லிய தகடுதான் கஷ்டமான வேலை, அது இரண்டாம் பாடம்.

தீக்குச்சியைக் கிழிப்பதுபோல ராடின் நுனியை உரசி, பற்றியதும் லேசாகத் தூக்குங்கள். தூக்காமல் விட்டால் ஒட்டிக்கொள்ளும். பதறாமல் மணிக்கட்டைத் திருப்பினால் விடுபடும், இல்லாவிட்டால் ஹோல்டரின் பிடியை அழுத்தி ராடை விட்டுவிடுங்கள். ஆர்க் எரியும்போது நுனிக்கும் இரும்புக்கும் நடுவே ராடின் தடிமன் அளவு இடைவெளி. ராடு எரிந்து குறையக் குறையக் கையைக் கீழே இறக்கிக்கொண்டே வர வேண்டும். இதை யாரும் சொல்லித் தருவதில்லை, முதல் நாள் எல்லோருக்கும் ஆர்க் அணைவது இதனால்தான். நகரும் திசைப் பக்கம் ராடைச் சற்றுச் சாய்த்து, குட்டை பின்தங்கி வரும்படி இழுங்கள். வெளிச்சத்தைப் பார்க்காமல் அதன் பின்னால் இருக்கும் குட்டையைப் பாருங்கள். வேகத்தைச் சொல்லித் தருவது அதுதான்.

உறைந்த வெல்டு வரி கயிறுபோல மேலே நின்றால் ஆம்பியர் போதவில்லை. ராடு சிவந்து, ஓரம் அரித்து, பொறி அதிகமாகத் தெறித்தால் கூடிவிட்டது. சரியாக இருக்கும்போது ஒரே சீராகச் சடசடவென்று சத்தம் வரும். ஸ்லாக்கை ஆறிய பிறகு தட்டுங்கள், அப்போதும் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். சூடான ஸ்லாக் கண்ணுக்கு நேராகத் தெறிக்கும்.

சுருக்கமாக: சின்ன ராடு, தடித்த பட்டை, குறுகிய இடைவெளி, குட்டையின் மேல் கண்.

கண்

என் கதைக்கு வருகிறேன். நான்கைந்து டாக் மட்டும் வைக்க வேண்டியிருந்தது. மாஸ்க் கொஞ்சம் தள்ளி இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு வைத்தேன். அப்போது ஒன்றும் இல்லை. ராத்திரி தூக்கத்தில் கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல் எரிந்தது, தண்ணீராகக் கொட்டியது, விளக்கைப் பார்க்க முடியவில்லை. விடியும்வரை உட்கார்ந்தே இருந்தேன்.

நடந்தது இதுதான். ஆர்க்கிலிருந்து கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் வருகிறது. வெயிலில் தோல் கருகுவதைப்போல அது கருவிழியின் மேல்தோலைக் கருக்கிவிடும். வலி உடனே தெரியாது, பல மணி நேரம் கழித்துத்தான் வரும். அதனால்தான் “ஒன்றும் ஆகவில்லையே” என்று நம்பி இன்னும் நாலு டாக் வைக்கிறோம். முகத்தைத் திருப்பியபோதும் சுவரில் பட்டுத் திரும்பிய கதிர் வந்துகொண்டேதான் இருந்தது, ஒவ்வொரு டாக்குக்கும் இடம் பார்க்கக் கண்ணை எப்போது திறந்தேன், எப்போது மூடினேன் என்பதும் என் கட்டுப்பாட்டில் இல்லை. பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும். கண்ணில் எதையும் பிழியாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாஸ்க் கண்ணாடியின் கருமைக்கு எண் உண்டு. சின்ன மெஷினுக்கு 10 அல்லது 11. எண் 10 கண்ணாடி, வெளிச்சத்தில் ஏறக்குறைய 7000-ல் ஒரு பங்கைத்தான் உள்ளே விடுகிறது. கூலிங் கிளாஸ் இதன் பக்கத்திலேயே வராது. ஆர்க் பற்றியதும் தானே கறுக்கும் மாஸ்க் வாங்கினால் புதியவர்களுக்குப் பெரிய உதவி. தரமான மாஸ்க்கில் கறுப்பதற்கு முன்பும் புற ஊதாவைத் தடுக்கும் அடுக்கு இருந்துகொண்டே இருக்கும். கான்டாக்ட் லென்ஸ் ஆர்க்கில் உருகிக் கண்ணோடு ஒட்டிவிடும் என்று ஒரு பேச்சு உலவுகிறது, அது வெறும் வதந்தி.

அப்புறம், பக்கத்தில் நின்று பார்க்கும் குழந்தைகள். மாஸ்க் உங்களுக்கு மட்டும்தான் இருக்கிறது. வெல்டு செய்யும் இடத்தைச் சுற்றி மறைப்பு வையுங்கள், பற்றவைக்கும் முன் சத்தமாகச் சொல்லுங்கள்.

குறைந்த வோல்ட் என்ற ஆறுதல்

ஆர்க் எரியும்போது 20 சொச்சம் வோல்ட் என்றேன். ஆனால் எரியாதபோது, ராடு சும்மா தொங்கும்போது, பற்றவைக்கத் தயாராக மெஷின் அதில் 60-லிருந்து 80 வோல்ட் வரை வைத்திருக்கும். ஒரு கை ராடிலும் உடம்பின் இன்னொரு பகுதி வேலைத்துண்டிலும் இருந்தால் வட்டத்தை முடிப்பது நீங்கள்தான். ஈரத் தோலில் உடம்பின் தடை 1000 ஓம் அளவுக்கு இறங்கிவிடலாம். 70 வோல்ட்டை அதால் வகுத்தால் 70 மில்லியாம்பியர். வீட்டில் பொருத்தும் ஆர்.சி.சி.பி., 30 மில்லியாம்பியர் கசிந்தாலே துண்டிக்கும்படி வைத்திருப்பது எதற்காக என்று யோசித்துப் பாருங்கள்.

“ஆர்.சி.சி.பி. இருக்கிறதே, அது காப்பாற்றாதா?” சுவர்ப் பக்கக் கசிவிலிருந்து காப்பாற்றும். ராடுப் பக்கம் தனித் தீவு என்று சொன்னேன் அல்லவா? அந்தத் தீவுக்குள் ஓடும் மின்சாரம் ஆர்.சி.சி.பி.யின் கண்ணுக்கே தெரியாது. அந்தப் பக்கம் உங்களைக் காப்பது காய்ந்த தோல் கையுறை, காய்ந்த உடை, ரப்பர் அடி வைத்த ஷூ மட்டும்தான். வியர்வையில் நனைந்த கையுறையோடு இரும்பின் மேல் உட்கார்ந்து ராடு மாற்றுவதுதான் உண்மையில் பயப்பட வேண்டிய நேரம். மழையில் வேண்டாம். ஹோல்டரை அக்குளில் இடுக்க வேண்டாம். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அருகே வரவே கூடாது, அந்தக் கேபிள்களைச் சுற்றிப் பலமான காந்தப்புலம் இருக்கும்.

புகையும் பொறியும்

2017-ல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. புகை மேலே எழும், குனிந்த தலை அதற்குள்ளேயே இருக்கும். தலையைப் பக்கவாட்டில் வைத்து, காற்று குறுக்கே வீசும்படி நில்லுங்கள். ஜி.ஐ. பைப்பின் துத்தநாகப் பூச்சு எரிந்தால் வரும் வெள்ளைப் புகை, சில மணி நேரம் கழித்துக் குளிர்காய்ச்சலைக் கொண்டுவரும். பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு வெல்டு செய்யுங்கள். பிரேக் கிளீனர் போன்ற, குளோரின் கலந்த திரவத்தால் துடைத்த இரும்பை வெல்டு செய்யவே வேண்டாம். அந்த ஆவி ஆர்க்கில் பட்டால் பாஸ்ஜீன் என்ற கொடிய நச்சு வாயு உண்டாகும். காலி எண்ணெய் டிரம், மூடிய டாங்க் பக்கமும் போகாதீர்கள். உள்ளே மிஞ்சிய ஆவி போதும், வெடித்துவிடும்.

உடை முழுக்கை, தடித்த பருத்தி. பாலியெஸ்டர் பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். பேன்ட்டை ஷூவுக்குள் செருகாமல் வெளியே விடுங்கள்.

பொறிகள் பத்து மீட்டர் வரை உருண்டு ஓடும், சுவர் இடுக்குக்குள் நுழையும், மரத்தூளில் புதைந்து புகையாமல் கனன்றுகொண்டிருக்கும். மாஸ்க்குக்குள் இருக்கும் உங்களுக்கு எதுவும் தெரியாது. எரியக் கூடியதை முன்பே அகற்றுங்கள், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வேலை முடிந்ததும் மிச்ச ராடைக் கழற்றி, ஹோல்டரை இரும்பில் படாமல் தொங்கவிட்டு, ஃபேன் சில நிமிடம் ஓடியபின் மெஷினை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். உடனே கதவைப் பூட்டிக்கொண்டு போய்விடாமல் ஒரு மணி நேரமாவது அங்கேயே இருந்து கருவிகளை அடுக்குங்கள், தரையைப் பெருக்குங்கள். கிளம்பும் முன், பொறி போய் விழுந்திருக்கக் கூடிய மூலைகளில் குனிந்து, ஏதாவது கருகும் வாடை வருகிறதா என்று பாருங்கள்.